மிஷினில் இல்லாத இளவரசி

முப்பது வயதுக்குள் நான் ஒரு டஜன் நாவலாவது எழுதியிருப்பேன். ஒன்றின் அட்டையிலும் என் பெயர் கிடையாது. வேலூரில் மாத நாவல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பதிப்பாளர் நான் எழுதியதை வாங்கித் தன் மச்சான் பெயரில் அச்சடிப்பார். மச்சானுக்குச் சத்துவாச்சாரியில் மர டிப்போ. எழுத வராது, படிப்பதே கஷ்டம். ஆனால் நல்ல மீசை இருந்தது. தாடையில் கைவைத்து எடுத்த போட்டோ ஒன்றும் இருந்தது. அது பின்னட்டையில் மாதாமாதம் வந்து அவரைப் பெரிய எழுத்தாளராக்கிவிட்டது. "பொம்பள பேர் போட்டா கொலை நாவல் போவாதும்மா" என்பார் பதிப்பாளர். காதல் நாவல் எழுதிக் கொடுத்தேன். "பொம்பள பேர் போட்ட காதல் நாவல வீட்டுக்குள்ள விடமாட்டாங்கம்மா" என்றார். பொம்பளை பேரில் எதுதான் சார் போகும் என்று கேட்டேன். சமையல் குறிப்பு என்றார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் தோலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறலோ சுருக்கமோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டினால் அந்த இடம் தப்பு, எடுத்துவிடு என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தோல் வேலை பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. என் பக்கத்து சீட்டுப் பெண் சாப்பாட்டு நேரத்தில் மச்சான் நாவலைப் படித்து மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னாமா எழுதறான்டி இந்த ஆளு! பொம்பள மனசு அப்டியே தெரிஞ்சவன்" என்று என்னிடமே சொன்னாள். கையில் ஸ்டிக்கர் சுருள் இருந்திருந்தால் அவள் நெற்றியில் ஒரு அம்பு ஒட்டியிருப்பேன். சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பதிப்பாளர் என்னை வேலூருக்கு வரச் சொன்னார். ஊரூராக வீடியோ கேம் கடை திறந்துகொண்டிருந்த நேரம். ஆம்பூரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய தோல் கிடங்கைச் சுத்தம் செய்து, ஒரு பாய் மூன்று நான்கு மிஷின் போட்டிருந்தார். கிடங்கு சுத்தமாகிவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. மிஷினில் வானம், நட்சத்திரம், கூட்டமாக இறங்கி வரும் வேற்றுக் கிரகக் கப்பல்கள். நாம் கீழே ஒற்றைக் கப்பலில் நின்று சுட வேண்டும்.

"நாவல் வாங்கற காசெல்லாம் அங்க போய் போட்றானுங்க. எனக்கு பெரிய பேஜாரா இருக்கு" என்றார் பதிப்பாளர். "அந்த மிஷின்ல இன்னா கதை ஓடுதோ, அதையே நாவலா எழுதிக் குடுத்துடு. விஞ்ஞான நாவல். காசு தானா நம்மகிட்ட திரும்பி வந்துடும்."

"பேர்?"

"மச்சான் பேர்தான்."

"அப்ப மச்சானையே மிஷின் முன்னாடி நிக்கச் சொல்லுங்க சார்" என்று எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்புகிற ஆள் நான். அன்றைக்கு நிதானமாக வாரைக்கூடச் சரிசெய்து மாட்டினேன். அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டுமே. வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டார்.

விஞ்ஞான நாவல் போகுமா போகாதா என்று அவருக்கே சந்தேகம். போகாவிட்டால் மச்சான் பெயர் கெட்டுவிடும். "சரி, உம்பேரே போட்றேன். கெட்டா உம்பேரு கெட்டுப் போவட்டும். ஆனா நல்லா போச்சுன்னா இனிமே நீ எழுதறது எல்லாமே உம்பேர்ல. போவலைன்னா மச்சான்தான், அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். தலையை எத்தனை வேகமாக ஆட்டினேன் என்றால், ஊர் திரும்பும் பஸ்ஸில் கழுத்து வலித்தது. அட்டையில் என் பெயர். எனக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்து ஆம்பூரில் ஒரு பெண் தனியாக வீடியோ கேம் கடைக்குள் நுழைய முடியுமா? அம்மாவைத் துணைக்கு அழைத்தேன். அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள். ஊரில் எல்லோருக்கும் சிஸ்டரம்மா. அவளுக்குச் சினிமா பாவம், நாவல் அந்தப் பாவத்தின் பக்கத்து வீடு. நான் எழுதுவது தெரியும், ஒரு வரி படித்ததில்லை. "இது சினிமா இல்லம்மா, மிஷின்" என்றேன். "மிஷின்னா பரவால்ல" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் நுழைந்ததும் கடையே விறைத்துப்போனது. பீடிகள் செருப்புக்கடியில் போயின. அங்கே நின்றிருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அம்மா இடுப்பில் ஊசி போட்டிருக்கிறாள். ஒரு மீசைக்காரர் தன்னை அறியாமல் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பாய் மட்டும் ஓடிவந்து, "வாங்க சிஸ்டரம்மா, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

நான் காசு போட்டேன். என் கப்பல் வெடித்தது. மறுபடி போட்டேன். மறுபடி வெடித்தது. எப்படியோ தட்டுத் தடுமாறி இரண்டாவது ரவுண்டுக்குப் போனேன், அங்கே மூச்சு விடுவதற்குள் வெடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளுடி" என்றாள்.

எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்தாள், பிடியைப் பிடித்தாள். அழுகிற குழந்தைகளின் நரம்பைத் தேடி ஆயுள் முழுக்க ஊசி ஏற்றிய கை. அது நடுங்கவேயில்லை. முதல் ரவுண்டு, இரண்டாவது, மூன்றாவது என்று போய்க்கொண்டே இருந்தாள். மற்ற மிஷின்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் விட்டுவிட்டு வந்து அவள் பின்னால் நின்றார்கள். "ஊதாக்காரன் இடப்பக்கம்தான் வர்றான். மஞ்சக்காரன் ரெண்டு ரெண்டா வர்றான். பெரியவன் வந்தா மூலைக்குப் போய்டணும், எதுத்து நிக்கக் கூடாது" என்று வார்டில் டியூட்டி மாற்றும்போது சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே சுட்டாள். நான் குறித்துக்கொண்டேன். பாய் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்.

"சிஸ்டரம்மா, நம்ம கடையில யாருமே இவ்ளோ தூரம் போனதில்ல" என்றார்.

"கவனம் கம்மி. அதான்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நான் வேலையில் இருக்கும்போதே தினமும் கிளம்பிப் போய்விடுவாள். சர்ச்சில் யாராவது கேட்டால், "மகளுக்காக" என்பாள். மகளுக்காக அவள் காய்கறிக் காசையெல்லாம் அந்த மிஷினுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வாரம் முழுக்க ரசம்.

எனக்கு வேறு தலைவலி. மிஷினில் கதையே இல்லை. இறங்கி வருகிறவர்கள் யார், எதற்கு வருகிறார்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன பகை, ஒன்றும் தெரியவில்லை. "பாய், இவங்க ஏன் வர்றாங்க?" என்று கேட்டேன். "சுட்டா போய்ட்றாங்களேம்மா, அப்புறம் எதுக்குக் காரணம்?" என்றார். எங்கள் கம்பெனி கட்டிங் செக்‌ஷன் ஆள் ஒருவரைக் கேட்டேன். "இன்னா கதை? வர்றான், அடிக்கறோம்" என்றார். முடிவாவது இருக்கும் என்று அம்மாவை நம்பியிருந்தேன். ஒருநாள் கடைசி ரவுண்டையும் முடித்துவிட்டு வந்தாள். ஆவலாக என்ன ஆச்சு என்றேன்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து வர்றானுங்க. இன்னும் வேகமா" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டு நானே கதை கட்டினேன். ஊதாக் கப்பலில் ஒரு இளவரசியை ஏற்றினேன். மஞ்சள் கப்பல்களை, சின்ன வயதில் பிரிந்த அண்ணன் தம்பிகளாக்கினேன். இளவரசிக்கு நம்முடைய கப்பல் கேப்டன் மேல் காதல் வரவைத்தேன். வேற்றுக் கிரகத்தை நான் எங்கே கண்டேன்? கண்டதெல்லாம் தோல் பதனிடும் ஷெட்டுதான். அதனால் என் கிரகத்தில் சுண்ணாம்பு நாற்றம் அடித்தது, ஆறு நீலப்பச்சையாக ஓடியது, சக்கரவர்த்தியின் கப்பல் தோல் ஊறப்போடும் டிரம் போல மெதுவாகச் சுழன்றது. அவர்களுக்கு உடம்பில் தோல் கிடையாது, பூமியிலிருந்து எடுத்துப் போகத்தான் வருகிறார்கள் என்று காரணமும் கண்டுபிடித்தேன். அந்தச் சக்கரவர்த்தி வாயைத் திறந்தாலே ஷிப்மெண்ட் என்றைக்குப் போகும் என்றுதான் கேட்பார். அவர் எங்கள் மேனேஜர்தான் என்பது கம்பெனியில் யார் படித்தாலும் தெரிந்திருக்கும். எழுதி முடித்த அன்று, இளவரசி செத்துப்போகும் இடத்தை நானே திரும்பப் படித்து நானே அழுதேன். அத்தனை நன்றாக வந்திருந்தது.

நான் குளிக்கப் போயிருந்தபோது அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். மிஷினைப் பற்றியது என்பதால் இதைப் படிப்பதில் பாவமில்லை என்று அவளே முடிவுசெய்திருக்கிறாள்.

"யாருடி இந்தப் பொண்ணு?" என்றாள்.

"இளவரசி."

"மிஷின்ல இல்லியே."

"கதைக்கு வேணும்மா."

"நான் கடைசி வரைக்கும் போய்ட்டு வந்தவ. ஒரு பொம்பளையும் இல்ல அங்க. நீ ரெண்டாவது ரவுண்டே தாண்டல. எங்கிட்டயே காதுல பூ சுத்தறியா?"

"அம்மா, நாவல்னா அப்டித்தான்."

"ஊதாக்காரன் வலப்பக்கம் வர்றான்னு எழுதி வெச்சிருக்கியே, அவன் என்னைக்குடி வலப்பக்கம் வந்தான்? நோயாளிக்கு ஜுரம் எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் சார்ட்ல எழுதணும். இளவரசி வந்து நெத்தியத் தொட்டுப் பாத்தான்னு எழுதுவியா நீ?"

வலப்பக்கத்தை இடப்பக்கமாகத் திருத்தினேன். அதற்கு மேல் ஒரு அடி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் இறங்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், என் கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்து, நாவல் முழுக்கச் சிவப்பு அம்பு ஒட்டி வைத்திருந்தாள். இளவரசி தும்மினால் அம்பு. அண்ணன் தம்பி கட்டிப் பிடித்தால் அம்பு. மேனேஜர் சக்கரவர்த்தி வரும் பக்கங்களில் இடமே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பிய்த்துக்கொண்டே அவளைத் திட்டினேன். அவள் கேட்காத மாதிரி பைபிள் படித்தாள்.

நாவலைக் கொடுக்க வேண்டிய கெடு வந்தபோது கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், லீவு கிடையாது. அம்மா கண் காட்ட வேலூர் போகவேண்டியிருந்தது. "குடுடி, நானே அச்சாபீஸ்ல குடுத்துட்டு வர்றேன்" என்றாள். அப்படி அடக்கமாகக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். வேலை அவசரத்தில் கட்டி அவள் கையில் கொடுத்தேன். ஸ்டிக்கர் சுருள் என் பையில் இல்லை என்பது கம்பெனியில் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பஸ் மாதனூர் தாண்டியிருக்கும்.

அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக முழுக்கச் செக்கிங் செய்திருக்கிறாள். அச்சாபீஸில் பதிப்பாளர் இல்லை, குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காகிதக் கட்டை வாங்கி வைத்தவர் கம்பாசிட்டர். அவர் எழுத்துக் கோக்க வருவதற்கு முன்னால் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் இது என்ன அம்பு என்று கேட்டிருப்பார். இவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்பு இருந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு மீதியைக் கோத்துவிட்டார். பதிப்பாளர் திரும்பி வந்தபோது பாதி அச்சில் ஓடிவிட்டது, தீபாவளி நெருங்கிவிட்டது, அவருக்கு எப்போதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் கிடையாது.

புத்தகத்தை நான் முதலில் பார்த்தது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில். கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் வெள்ளி உடுப்புப் போட்ட ஒரு அழகி துப்பாக்கியோடு நின்றாள், அவள் காலடியில் கொட்டை எழுத்தில் என் பெயர். பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. சொல்வதற்கு என்ன வெட்கம், நடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். கடைக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த்தான் திறந்தேன்.

"அவர்கள் இடப்பக்கத்திலிருந்து வந்தார்கள்" என்று ஆரம்பித்தது. பிறகு கேப்டன் சுட்டான். பிறகு மஞ்சள் கப்பல்கள் இரண்டிரண்டாக வந்தன. கேப்டன் அவற்றையும் சுட்டான். பெரிய கப்பல் வந்தது, கேப்டன் மூலைக்குப் போனான். இளவரசி இல்லை. அண்ணன் தம்பி இல்லை. மேனேஜர் இல்லை, ஆறு இல்லை, நாற்றம்கூட இல்லை. எழுத்தைப் பெரிசாக்கி, நடுநடுவே சனி கிரகத்தின் படமும் லேகிய விளம்பரமும் போட்டு எப்படியோ பக்கத்தை ரொப்பியிருந்தார்கள். கடைசி வரி, "அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து வந்தார்கள், இன்னும் வேகமாக."

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன.

அம்மா வாங்கி ஒரே மூச்சில் படித்தாள். அவள் வாழ்க்கையில் அச்சில் படித்து முடித்த முதல் நாவல். "நல்லா வந்திருக்குடி. இப்பதான் சரியா இருக்கு" என்றாள்.

மறுநாளே அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேலூருக்குப் போய் கம்பாசிட்டரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பாவம், பயந்துபோய், "அம்பு போட்டா எடுத்துடணும்தானேம்மா? நீங்க ஆம்பூர்தானே?" என்றார். தினமும் எட்டு மணி நேரம் நானும் அதைத்தான் செய்கிறேன். பதிப்பாளர் வேறு, "போச்சு, எல்லாம் போச்சு, நல்ல வேளை மச்சான் பேர் போடல" என்று என் எதிரிலேயே சந்தோஷப்பட்டார்.

ஆனால் புத்தகம் போகவில்லை, பறந்தது. ஆம்பூரில் தீர்ந்தது, வாணியம்பாடியில் தீர்ந்தது, ஜோலார்பேட்டை ஸ்டேஷன் கடையில் ரயில்வே ஆட்கள் சண்டை போட்டு வாங்கினார்கள். யாருக்கும் கதை வேண்டியிருக்கவில்லை. எந்த ரவுண்டில் எவன் எந்தப் பக்கம் வருவான், எப்போது மூலைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு பிசகு இல்லாமல் அதில் இருந்தது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பிடி என்று நின்று ஆடினார்கள். பாய் மொத்தமாக ஒரு கட்டு வாங்கி, மிஷினுக்கு ஒன்றாகச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். தெருவில் என்னை நிறுத்தி, "அக்கா, நீங்கதானா அது? தெய்வம்க்கா நீங்க" என்று கும்பிட்டவர்கள் உண்டு. அட்டையிலிருந்த வெள்ளி உடுப்புக்காரி எந்த ரவுண்டில் வருவாள் என்று கேட்டவர்களும் உண்டு. அவளைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்ததாகப் பாய் சொன்னார்.

வாக்கு வாக்குதானே. அச்சில் வராத என் இளவரசியின் பக்கங்களைக் கம்பாசிட்டரிடமிருந்து வாங்கி, அம்பையெல்லாம் பிய்த்து, புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போனேன். புஸ்தகம் நல்லா போச்சு, இனி எல்லாம் என் பேரில் என்றீர்களே, இந்தாங்க என்றேன்.

அவர் நான்கு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது காதல். இத உம்பேர்ல போட்டா கடைய ஒடச்சிடுவானுங்கம்மா. உம்பேரப் பாத்தாலே இப்ப இடப்பக்கமா வலப்பக்கமான்னுதான் தேட்றானுங்க. இத மச்சான் பேர்ல போட்டுக்கறேன். உம்பேருக்கு நீ அடுத்த மிஷின எழுதிக் குடு. பாய் கடையில புதுசா காரு மிஷின் வந்திருக்காமே?"

அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு மாத நாவல் கம்பெனி மூடும்வரை நான் எழுதிய காதலும் கொலையும் அந்த மீசையின் பெயரிலேயே வந்தன. இளவரசி செத்த இடத்துக்கு மச்சானுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம். பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அவர் அப்படித் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு வேலூரிலிருந்து வந்த வேகத்தில் அம்மாவிடம்தான் போய் வெடித்தேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "திருப்தியா உனக்கு? அந்தப் புஸ்தகத்துல என்னுதுன்னு ஒரு வரி இல்ல. யார் எங்கேர்ந்து வர்றான், எங்க போறான், எல்லாம் நீ கண்டது, நீ சொன்னது. அது எம்புஸ்தகமே இல்ல. உன் புஸ்தகம்!" என்று கத்திவிட்டு, அழுகை வந்ததால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள். முந்தானையில் அட்டையைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்டின்னா இதுல ஏண்டி உம்பேரு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.